மூன்றடி ஒன்பது அங்குலம்

புவனேந்திரன் முதல்முறை வந்த அன்று ஜேசுரட்ணத்தின் முன்பற்கள் இரண்டு போயின. ஞாயிற்றுக்கிழமை, மத்தியான நேரம். குசினியில் பருப்புக் கொதித்துக்கொண்டிருந்தது. ஜெர்மனியின் கொலோன் நகரத்திலிருந்து ரயிலேறி வந்த மூன்று பேர், மணி அடித்து, வாசல் விரிப்பில் சப்பாத்தைத் துடைத்து, மரியாதையான ஆட்களாகத்தான் உள்ளே வந்தார்கள். "அன்ரன் எங்கை?" என்று மூத்தவன் கேட்டான். "தெரியாது" என்றார் ஜேசுரட்ணம். அந்த வீட்டில் இருந்த முப்பத்துநான்கு அகதிகளில் யாரிடம் எதைக் கேட்டாலும் முதல் பதில் அதுதான். மூத்தவன் பக்கத்தில் நின்ற தடியனைப் பார்த்தான். தடியன் ஜேசுரட்ணத்தின் பின்னந்தலையைப் பிடித்து முகத்தை மாடிப்படிக் கைபிடியில் மோதினான். அவர் விழாமல் நின்றார். அது அவர் விட்ட பிழை. இரண்டாம் முறை மோதியதில் அவரும் விழுந்தார், கைபிடியைத் தாங்கி நின்ற கடைசல் தூண்கள் இரண்டும் முறிந்து விழுந்தன.

நான் கையில் அகப்பையோடு குசினி வாசலில் நின்றேன். என் வீரத்தைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ஏமாறக்கூடாது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். கை மட்டும் எழும்பாது. "நீங்கள் மனிசரோ?" என்று கத்தினேன். மூத்தவன் என்னைத் தாண்டிப் போய் அடுப்பைத் தணித்தான்.

"பருப்பு அடிப்பிடிக்குது, அண்ணை" என்றான். "அன்ரன் வந்தால் புவனேந்திரன் வந்தவன் எண்டு சொல்லுங்கோ. திரும்பவும் வருவன். அவரோட எனக்கு ஒரு கதை இருக்கு."

அன்ரன் என் தங்கை பேர்பெச்சுவாவின் புருஷன். அந்த நேரம் இருவரும் பூசைக்குப் போயிருந்தார்கள். 1986ஆம் ஆண்டு, வைகாசி மாதம். ஊரில் ஒரு இயக்கம் இன்னொரு இயக்கத்தைச் சந்தி சந்தியாகச் சுட்டு, சில உடம்புகளை ரயர் போட்டு எரித்து முடித்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அன்ரன் எரிபட்ட பக்கத்தில் இருந்தவன். "நோட்டீஸ் ஒட்டினதோட சரி" என்று எனக்கும் தங்கைக்கும் சொல்லியிருந்தான். நான் அவனைப் பெரிதாக விரும்பியதில்லை. சாப்பிடும்போதுகூட முதுகைச் சுவருக்குக் கொடுத்து உட்காருகிற மனுஷனை யார் விரும்புவது? ஆனால் அவன் செத்தால் இருபத்தைந்து வயதில் என் தங்கை விதவை. அவளுக்கு ஜெர்மனியில் இருந்த சொந்தம் நான் ஒருவன். ஆகவே அவனுடைய உயிர் என் பொறுப்பு என்று அன்றைக்கே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை நகரசபையின் பழங்கட்டடப் பகுதியிலிருந்து ஹக்கன்பெர்க் அம்மையார் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். வீட்டுக் காவலாளி ரெலிபோன் எடுத்திருக்கிறான். ஜேசுரட்ணம் கீழ்ப்படியில் உட்கார்ந்து ஈரத்துணியை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். அம்மையார் அவரைச் சுற்றிக்கொண்டு போய், முழங்காலில் இருந்து, முறிந்த தூண்களைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினார்.

"ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தேழாம் ஆண்டுத் தூண்" என்றார். கண் கலங்கியிருந்தது.

நியாயமாகச் சொன்னால் அவர் கெட்ட மனுஷி அல்ல. பிறகு ஜேசுரட்ணத்துக்குப் பல்வைத்தியரிடம் ரெர்மின் என்று நாளும் நேரமும் எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் முதலில் தூக்கியது தூணை. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்த வீட்டை வுப்பர்டாலில் எல்லோரும் 'ஆங்கிலேயன் வீடு' என்றுதான் சொல்வார்கள். மலைச்சரிவில் நின்றது. சுற்றிலும் இருந்தவை கறுப்புக் கல் ஓடு போர்த்த சுவரும் பச்சை யன்னல் கதவுமாக அந்தப் பக்கத்து வீடுகள். நடுவில் இது மட்டும் சிவப்புச் செங்கல், மூன்று மாடி, முன்னுக்குத் தள்ளிய யன்னல் கூடங்கள், ஒன்பது புகைபோக்கிகள். படலையில் ஒரு சின்னத் தகடு: சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட கட்டடம். அந்தப் பாதுகாப்பின் விவரங்களை எங்களுக்கு இரண்டு பக்கத்தில் அடித்துத் தந்திருந்தார்கள். ஆணி அடிக்கக்கூடாது. வர்ணம் பூசக்கூடாது. கதவைக் கழற்றக்கூடாது. எங்களுக்கும் ஒரு கடதாசி இருந்தது. அதில் வேலை செய்யக்கூடாது, நகர எல்லையைத் தாண்டக்கூடாது என்று எழுதியிருந்தது. பாதுகாப்பு என்ற சொல் வீட்டின் கடதாசியில்தான் இருந்தது.

நான் யாழ்ப்பாணத்தில் கட்டடத் திணைக்களத்தில் பதினேழு வருஷம் படவரைஞனாக இருந்தவன். வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன கந்தோர்களையும் விடுதிகளையும் அளந்து வரைவதுதான் என் வேலை. முந்திய மாரியில் ஹக்கன்பெர்க் அம்மையார் இந்த வீட்டின் வரைபடங்களை மேசையில் விரித்து வைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஐந்து மீற்றர் நாற்பத்தொன்பது, நான்கு மீற்றர் இருபத்தேழு என்று எல்லா அளவும் உடைந்து உடைந்து கிடந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

"அம்மா, இதைக் கட்டியவன் மீற்றரைக் கண்ணாலும் கண்டிருக்கமாட்டான்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "இது பதினெட்டு அடி. இது பதினான்கு அடி."

அன்றிலிருந்து அந்த வீடு என் கையில் வந்தது. அகதிக்கு வேலை தரச் சட்டம் இல்லை. ஆகவே சம்பளம் இல்லை. தாளும் மையும் பலகையும் தந்தார். எனக்கு அது போதும். இரண்டு வருஷமாகச் சும்மா இருந்து சுவரைப் பார்த்தவனுக்கு அந்தச் சுவரையே அளக்கக் கிடைத்தால் வேறென்ன வேண்டும். அடிக்கணக்கில் அளந்தபோது வீடு ஒழுங்காகப் பேசத் தொடங்கியது. கூடம் இருபத்துநான்கு அடி, கதவு மூன்றடி, சுவர் ஒன்பது அங்குலம். யன்னல்கள் ஜெர்மன் யன்னல்போல் உள்ளே திறப்பவை அல்ல, மேலும் கீழும் ஏறி இறங்குபவை. சட்டத்தின் பக்கப்பெட்டிக்குள் கயிற்றில் இரும்புத் தண்டுகள் பாரத்துக்குத் தொங்கும். நுவரெலியாவில் பங்களா அளக்கப் போனபோது பார்த்த அதே யன்னல். கயிறு இற்றுப்போன ஏழெட்டு யன்னல்களை அம்மையாரின் அனுமதியோடு நானே திருத்தினேன். மிஞ்சிய தண்டுகளை ஒரு சாக்கில் கட்டிப் பின்குசினி மூலையில் வைத்திருந்தேன்.

கிழக்குப் பக்கம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. வெளியே அளந்தால் ஐம்பத்திரண்டு அடி. உள்ளே அறைகளையும் சுவர்களையும் கூட்டினால் நாற்பத்தெட்டு அடி மூன்று அங்குலம். மூன்றடி ஒன்பது அங்குலத்தைக் காணவில்லை. ஜெர்மன்காரர்கள் அதைச் சுவர்த் தடிப்பு என்று எழுதி விட்டிருந்தார்கள். மூன்றடி ஒன்பது அங்குலத்தில் சுவர் வைக்க அவன் என்ன கோட்டையா கட்டினான்? பின்குசினியின் மரப்பலகைச் சுவரைத் தட்டிக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் சத்தம் மாறியது. அம்மையார் தச்சனைக் கூப்பிட்டு அந்தப் பலகையைக் கழற்றினார். உள்ளே ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் ஒரு வாசல், அதற்குப் பின்னால் மூன்றடி அகலத்தில் ஒரு படிக்கட்டு, அங்கிருந்து கூரையடி அறை வரைக்கும். எசமானின் கண்ணில் படாமல் வேலைக்காரர் ஏறி இறங்கிய படி.

அது ஏன் அடைபட்டது என்பதை அம்மையார் பழைய கடதாசிகளில் தேடி எடுத்து, துண்டு துண்டாக எனக்குச் சொன்னார். வீட்டைக் கட்டியவன் மான்செஸ்டரிலிருந்து நூல் யந்திரம் விற்க வந்தவன். யந்திரம் வந்ததால் கைத்தறி இழந்தவர்கள் ஒரு மாரியில் மலையேறி வந்து முன்பக்கத்து யன்னல் அத்தனையையும் கல்லால் உடைத்தார்கள். அவன் அதே யன்னல்களை மான்செஸ்டரிலிருந்தே திரும்பவும் இறக்குமதி செய்தான். 1914இல் போர் தொடங்கிய கிழமை அவனுடைய மகனைத் தலைமயிரில் பிடித்து முன்படியால் இழுத்துக்கொண்டு போய்த் தடுப்பு முகாமில் போட்டார்கள். 1933இல் நாசிகளின் மண்ணிறச் சட்டைப் படையினர் வீட்டை எடுத்தார்கள். கீழறையில் வைத்துச் சாயப்பட்டறைத் தொழிலாளரை அடித்தார்கள். அவர்களில் ஒருவன் இந்தப் படியால் ஏறி, கூரையால் தப்பிவிட்டான். அந்தக் கோபத்தில்தான் பலகை அடித்து மூடினார்கள். 1943இல் குண்டு விழுந்து தெரு முழுவதும் எரிந்தது. கீழறையில் ஒதுங்கிய பதினேழு பேர் மூச்சடைத்துச் செத்தார்கள். வீட்டுக்கு ஒரு கீறல் இல்லை.

இப்படிப்பட்ட வீட்டில்தான் எங்களுக்கு ஆணி அடிக்கத் தடை.

படம் முடிந்ததும் அம்மையாருக்கு ஒரு பிரதி கொடுத்தேன். இன்னொரு பிரதியை வாசற்கூடத்தில் தொங்கவிட்டேன். எங்கள் திணைக்களத்தில் அது கட்டளை. வேலைத்தலத்தில் வரைபடத்தின் ஒரு பிரதி வாசலுக்கு அருகே, கண்மட்டத்தில் தொங்க வேண்டும். தொங்காவிட்டால் மேலதிகாரி கிழித்துப்போடுவார், படத்தை அல்ல, ஆளை. பழைய கொக்கி ஒன்று இருந்தது. ஆணி அடிக்காமலே கொழுவினேன். வந்தவர் போனவர் இரண்டு நாள் பார்த்தார்கள். பிறகு அது கலண்டர்போல் சுவரோடு சுவராகிவிட்டது.

ஜேசுரட்ணத்தின் பல் போன ஞாயிறு பின்னேரம் தங்கையும் அன்ரனும் பூசை முடிந்து வந்தார்கள். புவனேந்திரன் என்ற பெயரைச் சொன்னேன். அன்ரன் கோட்டைக் கழற்றாமல் அப்படியே நின்றான்.

"ஆரவர்?" என்று பேர்பெச்சுவா கேட்டாள்.

"இயக்கப் பிரச்சினை. உனக்கு விளங்காது" என்றான்.

பொலிசுக்குப் போக முடியாது. அகதி வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது இயக்கம், அடிதடி என்று வாயைத் திறந்தால் வழக்கே படுத்துவிடும் என்பது எங்கள் எல்லோருடைய பயம். வேறு நகரத்துக்கு மாற்றச் சொல்லி ஒரு அன்ராக் போட்டோம். விண்ணப்பத்தை வாங்கிய பெண் ஆறு கிழமை ஆகும் என்றாள். அந்த ஆறு கிழமைக்கும் அன்ரனை உயிரோடு வைத்திருக்க வேண்டும். எனக்கு உடனே தோன்றிய இடம் அந்தப் படிதான். வாசல் மணி அடித்தால் அன்ரன் பலகைக்குப் பின்னால் போய்விடுவான். நான் பலகையைச் சாத்துவேன். முதல் நாள் உள்ளே போனவன் சுவரை முழங்கையால் இரண்டு தரம் இடித்துப் பார்த்தான்.

"நல்ல இடம், மச்சான்" என்றான். "உள்ளுக்கை கத்தினாலும் வெளியில கேளாது."

ஒளிக்கப் போகிறவன் யோசிக்கிற விஷயமா அது? எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மூன்று கிழமை அப்படிப் போனது. ஆனி மாதம் உலகக்கிண்ண உதைபந்தாட்டம் தொடங்கியது. ஆட்டம் நடக்கிற நேரம் தெருவில் ஒரு பூனையைக்கூடக் காண முடியாது. அப்படி ஒரு மாலை, எட்டு மணி, வெயில் இன்னும் யன்னலில் இருந்தது. எங்கள் ஆட்களும் மேல்கூடத்தில் ரெலிவிஷன் முன்னால் குவிந்திருந்தார்கள். மணி அடித்தது. அன்ரன் உள்ளே போனான். நான் பலகையைச் சாத்திவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன். புவனேந்திரனும் அதே இரண்டு பேரும்.

"அன்ரன் இல்லை. ஊர் மாறிப் போட்டான்" என்றேன்.

"பொய் சொல்லாதேங்கோ, அண்ணை. உங்களுக்கு அது வடிவில்லை" என்றான்.

மற்ற இருவரும் அறை அறையாகத் தேடப் போனார்கள். கட்டில்கள் புரள்கிற சத்தம் கேட்டது. புவனேந்திரன் வாசற்கூடத்திலேயே நின்றான். அப்போது அவன் கண் சுவருக்குப் போனது.

"இது ஆர் வரைஞ்சது?"

"நான்தான்" என்றேன்.

"நல்ல கை, அண்ணை. கட்டடத் திணைக்களமோ?"

"பதினேழு வருஷம்."

"நான் நீர்ப்பாசனத்தில ஓவசியரா இருந்தனான். மதகு, குளத்துக் கதவு எல்லாம் பாத்திருக்கிறன்." கிட்டப் போய்ப் பார்த்தான். "அடியில போட்டிருக்கிறியள். அதுதான் சரி. வெள்ளைக்காரன் அடியிலதானே கட்டினவன்."

கடவுள் என்னை மன்னிக்க வேண்டும். அந்த ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த முழு நாட்டிலும் என் படத்தை வாசிக்கத் தெரிந்த ஒரு மனுஷன் கிடைத்திருந்தான். அவனுடைய விரல் கிழக்குச் சுவர் வழியாக மெதுவாகப் போனது. சாப்பாட்டு அறை, குசினி, பின்குசினி. பிறகு நின்றது. அந்த இடத்தில் என் வடிவான எழுத்தில் 'வேலைக்காரர் படி' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் மூன்று அடி. சுவர் ஒன்பது அங்குலம். அம்புக்குறி போட்டு 'நுழைவு' என்றும் எழுதியிருந்தேன்.

ஒவ்வொரு நாளும் நான் அந்தப் படத்தைத் தாண்டித்தான் போய் வந்தேன். அன்ரனை ஒளித்த மூன்று கிழமையில் ஒரு நாளாவது அதைக் கழற்ற வேண்டும் என்று இந்த மண்டைக்குள் வரவில்லை. பிரதி வாசலில் தொங்க வேண்டும். பதினேழு வருஷப் பழக்கம் அவ்வளவுதான் யோசித்தது.

"ஒருத்தன் மேல போ. கூரையடி அறையில ஒரு கதவு இருக்கும்" என்று புவனேந்திரன் சத்தம் வைத்தான். தடியனைத் தன்னோடு கூட்டிக்கொண்டு பின்குசினிக்குப் போனான். நான் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். தடியன் என் நெஞ்சில் உதைத்தான். விலா எலும்பு ஒன்று போன சத்தம் எனக்கே கேட்டது. நான் நிலத்தில் கிடந்தபடி பலகை பிளக்கிறதைப் பார்த்தேன்.

அன்ரன் மேலே ஓடியிருக்கிறான். மேலிருந்து வந்தவன் அவனை உதைத்துக் கீழே தள்ளினான். மூன்றடி அகலத்தில் விழுகிறவனுக்குத் திரும்பக்கூட இடமில்லை. தலைகீழாக வந்து பின்குசினித் தரையில் விழுந்தான். தடியன் அவன் முதுகில் ஏறி இருந்து இரண்டு கைகளையும் இழுத்துக் கீழ்ப்படியின் விளிம்பில் வைத்தான். புவனேந்திரன் சப்பாத்துக் குதியால் மிதித்தான். ஒரு விரல்.

"எங்கை?" என்று கேட்டான்.

அன்ரன் கத்தினான். மேல்கூடத்தில் யாரோ கோல் போட்டார்கள் போலும்; அங்கேயும் கத்தினார்கள்.

"எங்கை?" இரண்டாவது விரல். "எங்கை?" மூன்றாவது. வேறு ஒரு சொல்லும் அவன் பேசவில்லை. முகத்தில் கோபம்கூட இல்லை. கணக்கு வாய்ப்பாடு சொல்கிற பிள்ளைபோல் ஒரே குரலில் கேட்டுக் கேட்டு மிதித்தான். பேர்பெச்சுவா ஓடி வந்து தடியனின் மயிரைப் பிடித்து இழுத்தாள். அவன் புறங்கையால் அறைந்ததில் அவள் பாத்திரம் கழுவும் தொட்டியோடு மோதித் தரையில் இருந்துவிட்டாள். வலக்கையில் நான்கு விரல் முடிந்தது. புவனேந்திரன் இடக்கைக்கு மாறி அங்கேயும் மிதித்தான்.

எனக்குக் கை எழும்பாது என்று சொன்னேன். அன்று எழும்பியது. தவழ்ந்து போய்ச் சாக்குக்குள் கையை விட்டேன். யன்னல் தண்டு ஒன்று வந்தது. ஒன்றரையடி நீளம், ஆறு றாத்தல் இரும்பு. எழுந்து நின்று, இரண்டு கையாலும் ஓங்கி, புவனேந்திரனின் தலையைப் பார்த்துத்தான் அடித்தேன். அதை மறைக்க மாட்டேன். கொல்லத்தான் அடித்தேன். அவன் அந்த நொடியில் கையை உயர்த்தியதால் வலக்கை முழங்கைக்குக் கீழே இரண்டாக மடிந்தது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அடுத்த அடி தடியனின் தோளில். அவன் எழுந்து ஓடினான். மேலே நின்றவன் மேல் வழியாலேயே ஓடிவிட்டான். மூன்றாம் அடிக்கு நான் தண்டைத் தூக்கியபோது பேர்பெச்சுவா என் காலைக் கட்டிக்கொண்டாள்.

புவனேந்திரன் தன் கையைப் பார்க்கவே இல்லை. அன்ரனுக்குப் பக்கத்தில், முகத்துக்கு நேரே முகம் வைத்துத் தரையில் கிடந்தான். அழுதான்.

"என்ர தம்பியை எங்கை புதைச்சனி?" என்றான். "அதை மட்டும் சொல்லு. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

'தெரியாது எண்டு சொல்லு' என்று நான் மனதுக்குள் மன்றாடினேன். அந்த வீட்டில் எல்லோருக்கும் வாயில் முதலில் வருகிற சொல் அது. அன்ரன் அதைச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். பேர்பெச்சுவா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்புலன்சோடு பொலிஸும் வந்தபோது எல்லோரும் ஒரே கதை சொன்னோம். பழைய படி, இருட்டு, இருவரும் விழுந்துவிட்டார்கள், பிடிக்கப்போன நானும் விழுந்தேன். புவனேந்திரனும் அதையே சொன்னான். கொலோன்காரன் வுப்பர்டாலில் நிற்பதே சட்டத்துக்குக் குற்றம். பொலிஸ்காரன் படிக்கட்டைப் பார்த்தான், அன்ரனின் விரல்களைப் பார்த்தான், எழுதிக்கொண்டு போனான். அடுத்த நாள் நகரசபை அந்தப் படியை ஆபத்தானது என்று சொல்லி முத்திரை வைத்தது.

ஆசுப்பத்திரியில் அன்ரனுக்கும் புவனேந்திரனுக்கும் ஒரே அறை கொடுத்தார்கள். ஒரே நாட்டுக்காரர், பேச்சுத் துணையாக இருக்கட்டும் என்று தாதி நினைத்தாளாம். மூன்றாம் நாள் விலாவில் கட்டோடு நான் பார்க்கப் போனேன். அன்ரனின் இரண்டு கைகளும் முழங்கை வரை மாவுக்கட்டுக்குள் இருந்தன. புவனேந்திரனின் வலக்கை கம்பி போட்டுத் தொங்கியது. இருவருக்கும் நடுவில், கதிரையில், பேர்பெச்சுவா. அவளுடைய கன்னம் நீலமாக இருந்தது.

"பிள்ளை, நான் தொங்கவிட்ட படத்தைப் பாத்துத்தான் கண்டுபிடிச்சவை" என்றேன். அதைச் சொல்லாமல் எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

"தெரியும், அண்ணை. இவர் சொன்னவர்" என்று புவனேந்திரன் பக்கம் தலையைக் காட்டினாள். "நீங்கள் இருங்கோ. இவரையும் கதைக்க விடுங்கோ."

புவனேந்திரன் கதைத்தான். தம்பியின் பெயர் விஜயரத்தினம். பத்தொன்பது வயது. 1984 ஐப்பசியில் ரியூசன் கொட்டில் வாசலில் வைத்து, விசாரணைக்கு என்று கூட்டிக்கொண்டு போனார்கள். வந்த வானை ஓட்டியவன் அன்ரன் என்று கண்டவர்கள் சொன்னார்கள். "அம்மா இன்னும் அவனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்யேல்லை" என்றான். "செய்யுங்கோ எண்டால், உடம்பைக் காட்டு, செய்யிறன் எண்டு சொல்லுறா. நான் இங்கயிருந்து எதைக் காட்டுறது?"

பேர்பெச்சுவா எழுந்து புருஷனின் கட்டில் விளிம்பில் இருந்தாள்.

"நோட்டீஸ் ஒட்டினதெண்டு சொன்னனீங்கள்."

அன்ரன் கூரையைப் பார்த்தான்.

"இஞ்சருங்கோ, நான் உங்களுக்குத் திட்டேல்லை. அழவும் இல்லை. அந்த மனிசிக்கு இடத்தைச் சொல்லுங்கோ. சொல்லாட்டி நான் இனி உங்களுக்குச் சோறு தீத்த வரமாட்டன்."

கை இரண்டும் மாவுக்கட்டுக்குள் கிடந்த மனுஷனுக்கு அவள்தான் மூன்று நேரமும் ஊட்டினாள். அன்ரன் முகத்தை அவள் பக்கம் திருப்பினான். பிறகு, "சொன்னால் விளங்காது. கீறித்தான் காட்ட வேணும்" என்றான். இரண்டு மாவுக்கட்டுகளையும் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தான். புவனேந்திரனுடைய வலக்கையை முறித்தவன் நான். அந்த அறையில் பேனை பிடிக்கக்கூடிய கை என்னுடையது மட்டும்தான்.

எக்ஸ்ரே வந்த பெரிய உறை ஒன்று இருந்தது. அதைப் பிரித்துச் சாப்பாட்டுத் தட்டின் மேல் விரித்தேன். பழக்க தோஷம், முதலில் வடக்கு எது என்று கேட்டேன். அன்ரன் சொல்லச் சொல்லக் கோடு போட்டேன். மண் ஒழுங்கை. இடிந்த சுண்ணாம்புக் காளவாய். அதைத் தாண்டிப் பனை வடலிக் காணி, வேலி இல்லை. காணிக்குள் தூர்ந்த கிணறு ஒன்று. கிணற்றுக் கட்டிலிருந்து கிழக்கே காலை எட்டி வைத்துப் பன்னிரண்டு கவடு.

"உம்முடைய கவடோ, வேற ஆளின்ர கவடோ?" என்று கேட்டேன்.

"என்ர" என்றான். "நான்தான் எண்ணினனான்."

அந்த இடத்தில் ஒரு சிறிய செவ்வகம் போட்டேன். ஆறடிக்கு இரண்டடி. உறை வழுக்கிக்கொண்டே இருந்தது. புவனேந்திரன் கட்டிலால் இறங்கி வந்து, இடக்கையால் அதன் மூலையை அழுத்திப் பிடித்தான். செவ்வகத்துக்குள் விஜயரத்தினம் என்று எழுதினேன். அவன் அந்தப் பெயரை வாசித்தான். தேடி வந்தது கிடைத்துவிட்டது. இனி எழுந்து போவான், உறையைக் கிழித்துத் தரச் சொல்வான் என்று நான் நினைத்தேன்.

"அதுக்குப் பக்கத்தில இன்னுமொண்டு போடுங்கோ, மச்சான்" என்றான் அன்ரன்.

"இன்னுமொண்டோ?"

"ஓம். தெற்காலை. அது மத்தியாஸ் எண்டொரு வாத்தியார்." கண்ணை மூடியபடி சொல்லிக்கொண்டு போனான். "அதுக்கு அங்கால ரெண்டு பேர் ஒண்டா. ஒருத்தன்ர பேர் தெரியும். மற்றவன்ர பேர் தெரியாது."

"பேர் தெரியாத ஆளை என்னெண்டு போடுறது?" என்று கேட்டேன்.

"சும்மா பெட்டியை மட்டும் போடுங்கோ."

போட்டேன். கிணற்றின் கிழக்குப் பக்கம் நிரம்பி, வடக்குப் பக்கத்துக்கு வந்தோம். அங்கே இடம் நெருங்கியது. பெட்டிகளைச் சிறிதாக்கினேன். புவனேந்திரன் உறையின் மூலையை விடவில்லை. ஒரு பெயர் வந்தபோது மட்டும், "அவன் எங்கட ஒழுங்கையான்" என்று மெல்லச் சொன்னான். தாதி ஒருத்தி கதவைத் திறந்து, ஊர்ப் படம் வரைகிறோம் என்று நினைத்தாளோ என்னவோ, சிரித்துவிட்டுச் சாத்தினாள்.

பதினொன்றாவது பெட்டி போட்டபோது பேர்பெச்சுவா எழுந்து, கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். சப்பாத்துச் சத்தம் நடைகூடத்தில் தேய்ந்து, படியிறங்கிப் போய்விட்டது. அன்ரன் அவளைக் கூப்பிடவில்லை. அடுத்த பெயரைச் சொன்னான்.